காலேஜ் உதவித்தொகை: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து காலேஜ் திறந்து ஒரு மாதம் ஆகும்வரை எனக்கு வரும் போன்களில் பாதி ஸ்காலர்ஷிப் பற்றித்தான். ஒரு கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவில் வேலை பார்த்தவன், அதனால் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதியே வைத்துவிடலாம் என்று இது. தொகையும் விதியும் அரசாணைக்கு அரசாணை மாறும், ஆகவே சேரும் வருடத்துக்கான அறிவிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி, அரசு ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு விண்ணப்பம் போட்டால் போதுமா?

போதாது. "அரசு ஸ்காலர்ஷிப்" என்று ஒற்றைப் பணம் எங்கும் கிடையாது. மாதம் ஆயிரம் ரூபாய் தருவது சமூக நலத்துறை. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளின் கட்டணத்தைப் பார்த்துக்கொள்வது ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை. பி.சி., எம்.பி.சி., சீர்மரபினருக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை. முதல் பட்டதாரிச் சலுகையோ கவுன்சிலிங்கிலேயே கட்டணத்தில் கழிகிறது. ஒரு பிள்ளைக்கு இவற்றில் இரண்டு மூன்று பொருந்தலாம். ஒன்றுக்கு மனுப் போட்டுவிட்டு மற்றதும் தானாக வந்துவிடும் என்று காத்திருந்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்தத் துறை நம்முடையது என்பது தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும், மீதிப் பாதி சான்றிதழில் இருக்கிறது.

மாதம் ஆயிரம் ரூபாய் யாருக்கு?

பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9-ல் கோயம்புத்தூரில் தொடங்கினார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். சாதி பார்ப்பதில்லை, வருமான வரம்பும் இல்லை. அஞ்சல்வழிப் படிப்புக்குக் கிடையாது. எம்.ஏ., எம்.எஸ்சி.க்கும் கிடையாது, முதல் உயர்கல்விக்கு மட்டும்தான்.

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் ஒன்று இருந்தது. 1989-ல் 5,000 ரூபாயில் ஆரம்பித்து, பிறகு 25,000, பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000, கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம் என்று வளர்ந்தது. அந்தத் திட்டத்தைத்தான் 2022-ல் படிப்புக்கான மாத உதவியாக மாற்றினார்கள். "தங்கத்தை நிறுத்திவிட்டு ஆயிரத்தைக் கொடுக்கிறார்கள்" என்று சலித்துக்கொள்ளும் அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் இதுதான் சரி. கல்யாணத்தன்று மொத்தமாக வந்த பணம் அந்தப் பெண்ணின் கைக்குப் போனதாக நான் பார்க்கவில்லை. இந்த ஆயிரம் அவள் பெயரில் இருக்கும் கணக்குக்குப் போகிறது, அவளே ஏ.டி.எம்.மில் எடுக்கிறாள்.

எங்கள் பிள்ளை படித்தது பாளையில் ஒரு மிஷன் பள்ளி. கவர்மென்ட் எய்டட்தான். அதற்கும் உண்டுதானே?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத நாளே கிடையாது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே மிஷன் பள்ளிகளும் கல்லூரிகளும்தான். இங்கே அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளைகள் ரொம்ப அதிகம், அந்தப் பள்ளிகளையும் "கவர்மென்ட் ஸ்கூல்" என்றே பலர் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

மாதம் ஆயிரத்துக்கு: உதவி பெறும் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டுவரை தமிழ் வழியில் படித்திருந்தால் உண்டு. பையன்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். பெண்களுக்கு முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும் இருந்தது, 2024-25 கல்வியாண்டிலிருந்து விரிவுபடுத்தினார்கள், அந்த விழாகூடப் பக்கத்தில் தூத்துக்குடியில்தான் 2024 டிசம்பர் 30-ல் நடந்தது. அதே பள்ளியில் ஆங்கில வழியில் படித்திருந்தால் கிடையாது. ஒரே பெஞ்சு, ஒரே கேட், ஒருத்திக்கு உண்டு, இன்னொருத்திக்கு இல்லை என்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது, விதி அப்படி.

தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு: கிடையாது. அது அரசுப் பள்ளிக்கு மட்டும். 2020-ல் மருத்துவப் படிப்புக்குச் சட்டம் வந்தது, 2021-ல் நீதிபதி முருகேசன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை மருத்துவம், மீன்வளம் என்று மற்றத் தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. உள்ளதிலேயே பெரிய உதவி இதுதான். கவுன்சிலிங்கில் தனியார் பொறியியல் கல்லூரியை எடுத்தாலும் வீட்டிலிருந்து கட்டணம் கட்ட வேண்டியதில்லை. இவ்வளவு பெரிய தொகை என்பதால் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்ற கோடு எங்கே விழுகிறது என்பதை எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ பள்ளி மாற்றும்போதே யோசியுங்கள். நடுவில் இரண்டு வருடம் தனியார் பள்ளியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால் ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கு அறுந்துபோகும். ஆர்.டி.இ. (கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் கிடைக்கும் இலவச) இடத்தில் எட்டுவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மாத ஆயிரம் வாங்கினால் மற்ற ஸ்காலர்ஷிப் போய்விடுமா?

போகாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். ஒரே கல்விக் கட்டணத்துக்கு இரண்டு இடத்தில் சலுகை கேட்பதுதான் கூடாது.

என்கூடப் படிக்கும் பையனுக்கு ஆயிரம் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணம்தான்.

முதலாவது வங்கி. பாஸ்புக்கில் ஆதார் நம்பரை ஏற்றியிருப்பது வேறு, அந்தக் கணக்கில் அரசுப் பணம் விழும்படி ஆதாரை இணைத்திருப்பது வேறு. பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதாரைப் பார்த்து வருகிறது, ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்திருக்கிறதோ அங்கே விழுகிறது. பள்ளியில் ஒரு கணக்கு ஆரம்பித்திருப்பீர்கள், பிறகு போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்து அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கியில் ஒன்று திறந்திருப்பார், சிம் வாங்கிய கடையில் கைரேகை வைத்தபோது உங்களுக்கே தெரியாமல் இன்னொன்று திறந்திருக்கும். பணம் வந்து அங்கே உட்கார்ந்திருக்கும், நீங்கள் பழைய பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆதார் இணையதளத்திலேயே உங்கள் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம், ரெண்டு நிமிட வேலை. வங்கிக்குப் போனால் "ஆதார் லிங்க் பண்ணணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், "அரசு மானியம் வருவதற்கு என்.பி.சி.ஐ.யில் இணைக்கணும்" என்று சொல்லுங்கள், அதற்கென்று தனிப் படிவம் தருவார்கள் (என்.பி.சி.ஐ. என்பது வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் தேசிய அமைப்பு).

இரண்டாவது யூமிஸ். பள்ளியில் எமிஸ் நம்பர் இருந்தது போல காலேஜில் யூமிஸ் என்று ஒரு தளம். அதில் உங்கள் விவரத்தை ஏற்றுவது கல்லூரியின் பொறுப்பு. அங்கே பெயர் ஏறாவிட்டால், அல்லது பழைய எமிஸ் நம்பரோடு ஒட்டாவிட்டால், அரசைப் பொறுத்தவரை நீங்கள் காலேஜிலேயே சேரவில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று ஒரு ஆசிரியரைப் பொறுப்பாகப் போட்டிருப்பார்கள், சேர்ந்த வாரமே அவர் யாரென்று கண்டுபிடித்துவிடுங்கள்.

மூன்றாவது பெயர். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். இசக்கியம்மாள் பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்தில் தொடங்குவாள், ஆதாரில் வேறு எழுத்தில் தொடங்குவாள். சுடலைமுத்து ஓரிடத்தில் ஒரே சொல்லாக இருப்பான், இன்னோரிடத்தில் இரண்டாகப் பிரிந்திருப்பான், இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. கம்ப்யூட்டருக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே ஆதாரைத் திருத்திக்கொள்வது நல்லது, மார்க் ஷீட்டைத் திருத்துவது அதைவிடப் பெரிய பாடு. ரிசல்ட்டுக்கு முன்னால் கிடைக்கும் ஏப்ரல் மாத ஓய்வில் இதை முடித்துவிடுங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினால் என்ன கிடைக்கும்?

2010-11-ல் வந்த சலுகை. கவுன்சிலிங் வழியாகத் தொழிற்படிப்பில் சேரும்போது கல்விக் கட்டணத்தில் கழிப்பார்கள். தனியார் பொறியியல் கல்லூரி என்றால் வருடத்துக்கு 25,000 ரூபாய்வரை, நாலு வருடத்தில் ஒரு லட்சம். வருமான வரம்பு இல்லை, எந்தச் சாதியாக இருந்தாலும் உண்டு.

குடும்பம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அர்த்தத்தைக் கவனியுங்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா மட்டும் இல்லை, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். அக்கா அஞ்சல்வழியில் பி.ஏ. முடித்திருந்தாலும் அவள் பட்டதாரிதான். அவள் எந்தச் சலுகையும் வாங்கவில்லை, சொந்தக் காசில் படித்தாள் என்ற வாதம் எடுபடாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் சான்றிதழ், ஆகவே முதல் பிள்ளை பி.ஏ. சேரும்போது இதை வாங்கி வீணாக்காதீர்கள். கட்டணம் அதிகமுள்ள தொழிற்படிப்புக்கு எந்தப் பிள்ளை போகிறதோ அதற்குத்தான் இது பிரயோஜனம். குடும்பத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட கூட்டு உறுதிமொழி வேண்டும், வளைகுடாவில் இருக்கும் அப்பாவின் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் உண்டு, அதனால் அவர் விடுமுறைக்கு வந்திருக்கும்போதே அதையும் வாங்கி வைத்துவிடுங்கள்.

நாங்கள் பி.சி. (அல்லது எம்.பி.சி.). டிகிரிக்கு என்ன உண்டு?

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். மாதிரி மூன்று வருடப் படிப்பு என்றால் இலவசக் கல்வித் திட்டத்தில் எந்த நிபந்தனையும் இல்லாமல் உண்டு. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பி.சி. முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இதே துறைதான். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. மாதிரி மத்திய நிறுவனத்தில் இடம் கிடைத்த பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு இதே வருமான வரம்பில் ஆண்டுக்கு 2 லட்சம்வரை தருகிறார்கள், இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

சேரும்போதே கேட்க வேண்டியது ஒன்று: "இது எய்டட் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" பாளையிலும் பேட்டையிலும் உள்ள பழைய உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் இரண்டும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. போர்டில் ஒரே பெயர், கட்டணக் கணக்கு முற்றிலும் வேறு. அட்மிஷன் கிடைத்த சந்தோஷத்தில் இதைக் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு, ஆகஸ்டில் வந்து "எய்டட் காலேஜ்தானே" என்று கேட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

எஸ்.சி. மாணவர். போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, காலேஜ் அதைக் கேட்கிறது. கொடுக்க வேண்டுமா?

வந்த பணத்தில் இரண்டு பங்கு இருக்கும். ஒன்று கல்லூரிக்குரிய கட்டணம், இன்னொன்று உங்கள் சொந்தச் செலவுக்கான படி. முன்பு கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தது. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று 2020-21-லிருந்து பங்கைப் பிரித்து, மாணவர் கணக்குக்கே அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் இந்தச் சண்டைகள். கட்டணப் பங்கு வந்தால் அதை உடனே கல்லூரியில் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். அது வீட்டுச் செலவுக்கு வந்த பணம் இல்லை, அதை எடுத்து வட்டிக்கடனை அடைத்துவிட்டுக் கடைசி செமஸ்டரில் ஹால் டிக்கெட்டுக்கு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது கோபமும் வருகிறது, அந்த வீட்டு நிலைமை தெரியும் என்பதால் கோபப்படவும் முடிவதில்லை.

படி உங்களுடையது. பி.ஏ., பி.எஸ்சி. மாதிரிப் படிப்புக்கு வீட்டிலிருந்து வந்துபோகிறவருக்கு வருடம் 3,000, விடுதியில் இருந்தால் 6,000. பொறியியல், மருத்துவம் மாதிரித் தொழிற்படிப்புக்கு 7,000, விடுதியில் 13,500. அதைக் கல்லூரி கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பணம் வருவதற்குள் கல்லூரி நெருக்கினால், மனுவாக எழுதி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கொடுங்கள், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். வாயால் சொல்வதில் பிரயோஜனமில்லை. மாணவரின் அசல் சான்றிதழ்களை எந்தக் காரணம் சொல்லியும் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2018-ல் சொல்லியிருக்கிறது, மனுவில் அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்களாக மாறிய ஆதிதிராவிடர். சாதிச் சான்றிதழில் பி.சி. என்று இருக்கிறது. எந்த ஆபீஸ்?

ஆதிதிராவிடர் நலத்துறைதான். நம் பக்கத்தில் நிறையப் பேர் இதில் தடுமாறுகிறார்கள். இடஒதுக்கீட்டில் நீங்கள் பி.சி. பட்டியலில் வருகிறீர்கள், உதவித்தொகையில் ஆதிதிராவிடர் நலத்துறைக்குள் வருகிறீர்கள். மத்திய அரசின் எஸ்.சி. ஸ்காலர்ஷிப் கிறிஸ்தவராக மாறியவர்களுக்குக் கிடையாது என்பதால் உங்களுக்கு மாநில அரசு தன் சொந்தப் பணத்திலிருந்து தருகிறது. பி.சி. ஆபீஸ் கவுன்டரில் போய் நின்றுவிட்டு "உங்களுக்கு இல்லை" என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

இரண்டரை லட்சத்துக்கு ஒரு ரூபாய் கூடினாலும் கிடைக்காதா?

கிடைக்காது. இந்த வரம்பைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. ஒரு கொத்தனார் நாளைக்கு 800 ரூபாய் வாங்குகிறார், மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 2,49,600. நானூறு ரூபாயில் தப்பித்தார். கூலி 850 ஆனால் வெளியே. வீட்டில் அம்மா பீடி சுற்றினால் அந்த வருமானமும் சேரும். இந்தக் கணக்குப்படி, வருடம் முழுக்க ஒரு நாள்கூட மழைக்கு நிற்காமல் வேலை கிடைக்கிற கூலிக்காரர் வசதியானவர்! உண்மையில் யாருக்கும் வருடம் முழுக்க 26 நாள் வேலை கிடைப்பதில்லை, அதை வி.ஏ.ஓ.விடம் எடுத்துச் சொல்லுங்கள். வேலை கிடைக்கும் மாதம், கிடைக்காத மாதம் இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

வருமானச் சான்றிதழுக்கு ஒரு வருடம்தான் ஆயுள். ஜனவரியில் வாங்கினால் அடுத்த ஜனவரியில் காலாவதி, நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். மே, ஜூனில் வாங்குங்கள். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய். அங்கே போட்டால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று ஏறும், எங்கே நிற்கிறது என்று போனிலேயே பார்க்கலாம்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டோம். ஏதாவது வழி உண்டா?

முதல் பட்டதாரிச் சலுகை, 7.5, போஸ்ட் மெட்ரிக் மூன்றுக்கும் வழியில்லை. பள்ளித் தகுதி இருந்தால் மாத ஆயிரம் மட்டும் வரும். கவுன்சிலிங் முடியும்வரை பொறுக்காமல் "சீட் போய்விடும், இன்றே அட்வான்ஸ் கட்டுங்கள்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பணத்தைக் கொடுப்பதால் வரும் நஷ்டம் இது. கவுன்சிலிங்கில் அதே காலேஜில் அதே பாடப்பிரிவில் இடம் கிடைத்திருக்கும், ஸ்காலர்ஷிப்போடு.

அம்மா பீடி சுற்றுகிறார்கள். அதற்கென்று தனியாக உண்டாமே?

உண்டு, ஆனால் அது மாநில அரசு இல்லை, மத்திய தொழிலாளர் அமைச்சகம். முக்கூடல், ஆலங்குளம், கடையம், வீரவநல்லூர், மேலப்பாளையம் பக்கம் இது தெரியாத வீடு குறைவு, தெரிந்தும் கல்லூரிக்குப் போனதும் விட்டுவிடுகிற வீடு அதிகம். பள்ளியில் சின்னத் தொகையாக வந்தது காலேஜில் கூடுகிறது: டிகிரிக்கு வருடம் 6,000, தொழிற்படிப்புக்கு 25,000. தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போட வேண்டும். அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இல்லாமல் நடக்காது. கம்பெனி அட்டை பக்கத்து வீட்டு அக்கா பேரில் இருந்து, இவர்கள் சுற்றிக் கொடுப்பது மட்டும் என்றால், இந்தப் பணத்தை இழந்துவிட்டார்கள் என்று அர்த்தம். சங்கத்தில் சொல்லி முதலில் அட்டையை அவர்கள் பெயரில் வாங்குங்கள்.

அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அங்கேயும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு, இது மாநிலம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் கிடைக்காது.

நாங்கள் ஓ.சி. ஒன்றுமே கிடையாதா?

மாத ஆயிரம், 7.5, முதல் பட்டதாரி மூன்றுமே சாதி பார்ப்பதில்லை. அதுபோக, பொறியியல் கவுன்சிலிங்கில் ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) கல்விக் கட்டண விலக்கு இடங்கள் ஐந்து சதவீதம் உண்டு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும். விண்ணப்பத்தில் அதற்கு "ஆம்" என்று போட வேண்டும், பலர் போடுவதில்லை.

விடுதி கிடைக்குமா?

திசையன்விளை, ராதாபுரம் பக்கமிருந்து பாளைக்குத் தினமும் வந்துபோவது படிக்கிற பிள்ளைக்கு ஆகாது. அரசு விடுதி இலவசம், சாப்பாடும் உண்டு. கல்லூரி விடுதி மாணவருக்கு மாத உணவுப் படி 1,100 ஆக இருந்ததை 2023-ல் 1,500 ஆக்கினார்கள். பி.சி., எம்.பி.சி. விடுதிக்கு வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டராவது இருக்க வேண்டும், பெண்களுக்கு அந்தத் தூர விதி கிடையாது. 2025 ஜூலையில் இவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள், போர்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அறையும் குளியலறையும் எப்படி இருக்கிறது என்று சேர்வதற்கு முன் போய்ப் பார்த்துவிடுங்கள், வார்டனைப் பொறுத்து ரொம்ப மாறும்.

வீடு ஆலங்குளம், காலேஜ் பாளை. எந்த மாவட்டத்தில் அலைய வேண்டும்?

இரண்டிலும்! 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு வந்த குழப்பம் இது. சான்றிதழ் வீடு இருக்கும் தாலுகாவில், அதாவது உங்களுக்கு ஆலங்குளத்தில். ஸ்காலர்ஷிப் கல்லூரி வழியாகப் போவதால் நெல்லையில். ரேஷன் கார்டில் பழைய முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

காரையாறு காணிக் குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டது: எஸ்.டி. சான்றிதழ் ஏன் இவ்வளவு தாமதம்?

எஸ்.சி. சான்றிதழைத் தாசில்தாரே கொடுத்துவிடுவார். எஸ்.டி. என்றால் கோட்ட அளவில்தான், உங்களுக்குச் சேரன்மகாதேவி சப்-கலெக்டர் அலுவலகம். விசாரணை நடக்கும், அதனால் பிளஸ் ஒன்னிலேயே போட்டுவிடுங்கள் தம்பி. அப்பாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலை இணையுங்கள், வேகம் கூடும்.

இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வருகிறது? திடீரென்று நின்றுபோகுமா?

மாநில பட்ஜெட்டிலிருந்து. 2024-25 பட்ஜெட்டில் புதுமைப் பெண்ணுக்கு 370 கோடி, தமிழ்ப் புதல்வனுக்கு 360 கோடி ஒதுக்கினார்கள். ஒரு பிள்ளைக்கு வருடம் 12,000 என்று வகுத்துப் பாருங்கள், தமிழ்ப் புதல்வனுக்கு மட்டும் 3 லட்சம் பையன்கள். இவ்வளவு வீட்டுக்குப் போகும் பணத்தைச் சட்டென்று நிறுத்த எந்த அரசியல்வாதிக்கும் துணிச்சல் வராது. பெயர் மாறும், தொகை மாறும், படம் மாறும். மெதுவாக இழுபடக்கூடியது போஸ்ட் மெட்ரிக் மாதிரி இரண்டு அரசுகளின் பணம் சேர்ந்து வருவதுதான். மாநிலம் சரிபார்த்துத் தன் பங்கைப் போட்ட பிறகுதான் மத்தியப் பங்கு நகரும், ஓர் இடத்தில் கோப்பு நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். ஆகவே அந்தப் பணத்தை நம்பிப் பிப்ரவரி செலவைத் திட்டமிடாதீர்கள்.

இதெல்லாம் போதவில்லை என்றால்?

கல்விக் கடன். 4 லட்சம்வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்பும் என்றால் படிக்கும் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. கல்விக் கடனுக்கென்று உள்ள வித்யாலட்சுமி இணையதளம் வழியாகப் போடுங்கள், அப்போதுதான் மேனேஜர் வாயால் "இல்லை" என்று சொல்லி அனுப்ப முடியாது. கலெக்டர் ஆபீஸ் நடத்தும் கல்விக் கடன் முகாம் அறிவித்தால் தவறாமல் போங்கள்.

வெள்ளத்தில் சான்றிதழ் எல்லாம் போய்விட்டது.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளில் பீரோவோடு போயிற்று. அப்போது சிறப்பு முகாம் போட்டு நகல் கொடுத்தார்கள். இ-சேவையில் வாங்கியது என்றால் விண்ணப்ப எண்ணை வைத்துத் திரும்ப எடுத்துவிடலாம். மார்க் ஷீட்டை டிஜிலாக்கரில் ஏற்றி வையுங்கள், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அம்மா போனிலும் அண்ணன் போனிலும் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.

ஒருவர் 500 ரூபாய் கொடுத்தால் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

அவரால் செய்ய முடிந்தது உங்களாலும் முடியும். கல்லூரி வழியாகப் போகும் எதற்கும் வெளியாள் தேவையில்லை. இ-சேவையில் 60 ரூபாய்க்கு ரசீது தருவார்கள், இவர் 500-க்கு எதுவும் தர மாட்டார். முக்கியமாக ஓ.டி.பி.யை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், ஸ்காலர்ஷிப் ஆபீஸிலிருந்து பேசுகிறோம் என்று போன் வந்தாலும் சரி. அப்படி எந்த ஆபீஸும் போனில் ஓ.டி.பி. கேட்பதில்லை. சந்தேகம் இருந்தால் கல்வித்துறையின் 14417-க்குப் பேசுங்கள், இல்லையென்றால் காலேஜ் அலுவலகத்தில் கவுன்டர் திறந்திருக்கும் நேரத்தில் நேரே போய்க் கேளுங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் போனால் பதில் நன்றாக வரும்.